மோட்டார் போட்டதும் வயல் சென்சார் தப்பாக் காட்டுது: கோளாறு டிரைவரிலா, வயரிலா?

பாமணியாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்க வயல். குறுவைக்கு ஆத்துத் தண்ணியோட போர் மோட்டாரையும் சேர்த்துத்தான் ஓட்டுறோம். வயலில் எப்பவும் தண்ணி நிறுத்தாம, காயவிட்டுப் பாய்ச்சுற முறைக்கு மாறியாச்சு. துளை போட்ட பிவிசி குழாயை வயலில் இறக்கி, உள்ளே தண்ணி மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. போனதும் பாய்ச்சணும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அதே கணக்கு.

தினமும் போய் குழாயை எட்டிப் பார்க்கிற வேலையை ஈஎஸ்பி32ங்கிற வைஃபை உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகிட்ட ஒப்படைச்சோம். மூணு சென்சார். தண்ணி வெப்பத்துக்கு டிஎஸ்18பி20, 12 மீட்டர் கேபிளில். குழாய்க்குள்ள மட்டம் பார்க்க, ஒலி அனுப்பி எதிரொலி வைச்சுத் தூரம் அளக்கிற ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக். மண் ஈரத்துக்கு ஒரு கெபாசிடிவ் சென்சார். போர்டு மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கு. கரன்ட் அங்கேயே ஒரு போன் சார்ஜரிலிருந்து.

இப்ப பிரச்சினை. கண்ணாடித் தெர்மாமீட்டரை வயல் தண்ணியில் வைச்சா 29 காட்டுது, போர்டும் பெரும்பாலும் 29 தான். ஆனா மோட்டார் போடுற சமயத்தில் 34.6க்கு ஏறும். சில நாள் 40.2. மழை பெஞ்ச ஒரு காலையில் 13.4 வந்துச்சு. கொஞ்ச நேரத்தில் தானா 29க்குத் திரும்பிடும். டிரைவர் கோடு, அதாவது சென்சாரைப் படிக்கிற நிரல், எங்க பழைய ப்ராஜெக்டிலிருந்து வந்தது. விடாம பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போட்டுத்தான் மேலே அனுப்புது, அப்படியும் இந்தக் குதிப்பு வருது. சென்சாரை மாத்திப் பார்த்தாச்சு, அதே கதை. மட்டமும் ஈரமும் தனிக் கதை, அதைப் பிறகு சொல்றேன்.

---

அரசலாறு எழுதியது:

அண்ணா, பத்து ரீடிங் பத்தாது. ஐம்பதாக் கூட்டுங்க, இல்லன்னா ரீடிங் ஆட்டத்தைக் குறைக்கிற கால்மன் ஃபில்டர் ஒண்ணு போடுங்க. காலேஜ் ப்ராஜெக்டில் நாங்க அப்படித்தான் செய்தோம், வரைபடம் அவ்வளவு வழுவழுப்பா வந்துச்சு. மோட்டார் பக்கத்தில் நாய்ஸ் இருக்கத்தான் செய்யும், அதை மென்பொருளில் அமுக்கிடலாம்.

---

குடமுருட்டி எழுதியது:

தம்பி பாமணியாறு, ஃபில்டரில் கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க கொடுத்த மூணு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்க. 29, 34.6, 40.2. இடைவெளி இரண்டு தடவையும் 5.6. வயல் தண்ணி இப்படிப் படி வைத்து ஏறாது.

ஒன்பது ரீடிங் 29, ஒரு ரீடிங் 85 என்று வையுங்கள். கூட்டினால் 346, சராசரி 34.6. எட்டு 29, இரண்டு 85 என்றால் 40.2. மழைநாள் 13.4க்கும் இதே கணக்குதான்: ஒன்பது 29, ஒரு மைனஸ் 127. கூட்டினால் 134.

இந்த 85, மைனஸ் 127 இரண்டுமே வெப்பநிலை அல்ல. டிஎஸ்18பி20க்குள் மின்சாரம் போய்த் திரும்பியதும், அளவெடுப்பதற்கு முன்னால் அதன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் எண் 85. மைனஸ் 127 என்பது சென்சார் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது சிதைந்து வந்தது என்பதற்கு அர்டுயினோ லைப்ரரி தரும் குறியீடு. இரண்டும் இரண்டு வேறு கோளாறு. உங்கள் டிரைவர் இரண்டையும் வெப்பநிலை என்று நம்பி சராசரியில் சேர்த்துவிட்டது.

தம்பி அரசலாறு, இதனால்தான் ஐம்பதாகக் கூட்ட வேண்டாம் என்கிறேன். ஐம்பதில் ஒரு 85 கலந்தால் 30.1 வரும். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 85 என்று நேராக வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். கருக்காயைத் தூற்றிவிட்டுத்தான் நெல்லை அளப்போம், கலந்து அளந்துவிட்டு மரக்காலைக் குறை சொல்ல மாட்டோம்.

பாமணியாறு, இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, சராசரியை நிறுத்திவிட்டு சென்சார் தரும் ஒன்பது பைட்டையும் அப்படியே அச்சிட்டு அனுப்புங்கள். இரண்டு, உங்களுடையது மோட்டாரை இரண்டு கட்டமாக ஓட்டிவிடும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரா?

---

பாமணியாறு எழுதியது:

அண்ணே, கணக்குப் போட்டுப் பார்த்ததும் அசந்துட்டேன். ஆமா, ஸ்டார்-டெல்டாதான், பத்து ஹெச்பி மோட்டார்.

மும்முனை வந்ததும் மோட்டாரைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். 85 வர்ற ஒவ்வொரு தடவையும் பைட் வரிசை இதுதான்:

50 05 4பி 46 7எஃப் எஃப்எஃப் 0சி 10 1சி

கடைசி பைட்டான சிஆர்சி, அதாவது சரிபார்ப்பு எண், சரியாத்தான் இருக்கு. அதான் புரியலை. சிஆர்சி சரின்னா தகவலும் சரின்னுதானே அர்த்தம்?

---

குடமுருட்டி எழுதியது:

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சிஆர்சி ஒன்றுக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும்: சென்சார் அனுப்பிய பைட்டுகள் வழியில் கெடாமல் வந்து சேர்ந்தன என்பதற்கு. சென்சார் அளந்ததா என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் அனுப்பிய வரிசை, மின்சாரம் வந்ததும் அந்தச் சில்லு தன் நினைவகத்தில் எழுதி வைக்கும் ஆரம்ப வரிசை. முதல் இரண்டு பைட்டைத் திருப்பிப் போட்டால் பதினாறடிமானத்தில் 0550, சாதாரணக் கணக்கில் 1360. பதினாறால் வகுத்தால் 85. ஆரம்ப வரிசையையே பிசகாமல் அனுப்பியிருக்கிறது, சிஆர்சியும் பொருந்திவிட்டது.

நடந்தது இதுதான். டிரைவர் 'அளந்து வை' என்று கட்டளை கொடுக்கிறது. 12 பிட் அளவுக்கு அதிகபட்சம் 750 மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளியில் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் அடிக்கிறது, வோல்டேஜ் ஒரு கணம் இறங்குகிறது, சென்சார் ரீசெட் ஆகிறது. கட்டளை மறந்துபோச்சு. டிரைவர் வந்து கேட்டால் ஆரம்ப எண்ணைத் தருகிறது. ஸ்டார்-டெல்டாவில் கான்டாக்டர் இரண்டு தடவை அடிக்கும், நடுவில் சில செகண்ட். உங்கள் பத்து ரீடிங் எடுக்க ஏழரை செகண்டுக்கு மேல் ஆகும். இரண்டு அடியும் ஒரே பத்துக்குள் விழுந்த நாளில் 40.2, ஒன்று மட்டும் விழுந்த நாளில் 34.6.

டிரைவரில் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. ஏழாவது பைட்டைப் பாருங்கள், 0சி. அசல் சில்லில் உண்மையாக அளவெடுத்த பிறகு 85 டிகிரியே வந்தாலும் அந்த பைட் 0சி ஆக இருக்காது. லினக்ஸ் கெர்னலில் இதே சென்சாருக்கு இருக்கும் டபிள்யூ1-தெர்ம் டிரைவரில் இந்தச் சோதனை ஒரு விருப்பமாகவே இருக்கிறது: அந்த பைட் 0சி, வெப்பம் 85 அல்லது மின்சாரம் போதாதபோது வரும் 127.94 என்றால், எண்ணைத் தராமல் பிழை என்று திருப்பும். போலிச் சில்லுகளில் அந்த பைட்டை நம்ப முடியாது. உங்கள் வயல் தண்ணி எந்தக் கோடையிலும் 85 ஆகப்போவதில்லை, அதனால் உங்களுக்கு 85ஐ நேரடியாகவே ஒதுக்கலாம். பாய்லரில் வைக்கிறவர்கள் அப்படி ஒதுக்கக் கூடாது.

ஒதுக்குவதோடு வேலை முடியவில்லை. ரீசெட் ஏன் ஆகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் சார்ஜரைக் கழற்றி, போர்டைப் பவர் பேங்கில் ஓட்டி மோட்டாரைப் போடுங்கள். 85 நின்றால் கோளாறு சார்ஜர் வழியாக வருகிறது. நிற்காவிட்டால், போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் வயரில் இன்னொரு டிஎஸ்18பி20 மாட்டி மறுபடி பாருங்கள். தூரத்துச் சென்சார் மட்டும் 85 சொன்னால் குற்றவாளி 12 மீட்டர் கேபிள்.

---

உப்பளக்காற்று எழுதியது:

நான் வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைகளுக்கு ஆக்ஸிஜன் சென்சார் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கேன். எல்லாம் ஆர்எஸ்485 மாட்பஸ், நீளமான வயரில் சென்சாரோட பேசுற முறை. அண்ணன் சொன்ன 85 போல எங்களுக்கு ஒண்ணு உண்டு, அதைவிட மோசம்.

ஒரு பண்ணையில் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் 5.2 மில்லிகிராம்னு காட்டிக்கிட்டே இருந்தது. குட்டையில் விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்ஸிஜன் ரொம்ப இறங்கும், பாசியும் இறாலும் எல்லாமே ராத்திரி மூச்சு வாங்கும். வரைபடத்தில் இறக்கமே இல்ல, நேர்க்கோடு. கையால் அளந்தா நிலைமை வேற. காரணம் டிரைவர். சென்சார் பதில் தரலைன்னா, கடைசியா வந்த எண்ணையே திருப்பிக் கொடுக்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. ஏரேட்டர் ஓடும்போது லைன் செத்துப் போகுது, டிரைவரோ சாயங்காலத்து எண்ணை விடியவிடியச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆபத்து ஏற ஏறத் திரை மட்டும் அமைதியாவே இருந்துச்சு.

லைனில் பார்த்தா இரண்டு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் ஒரு முனையில் இல்ல. லைன் சும்மா இருக்கும்போது அதை நிலையா வைக்கிற பயாஸ் ரெசிஸ்டரும் இல்ல. அதைச் சரி பண்ணது சின்ன வேலை. டிரைவரை மாத்தினதுதான் பெரிய வேலை: ஒவ்வொரு எண்ணோடயும் அது எப்ப அளந்ததுங்கிற நேரமும் சேர்ந்தே போகணும், குறிச்ச நேரம் தாண்டினா எண் செல்லாது. லினக்ஸ் கெர்னலில் டிஹெச்டி11ங்கிற வெப்ப-ஈரப்பத சென்சாருக்கு இருக்கிற டிரைவரைப் பாருங்க, பழைய ரீடிங்கை இரண்டு செகண்ட் மட்டும்தான் வைச்சுக்கும். சிக்னல் விளிம்புகள் குறைஞ்சா 'நேரம் முடிஞ்சது'ன்னு ஒரு பிழை, செக்சம்ங்கிற சரிபார்ப்பு எண் தப்புன்னா வேற பிழை. என்ன கெட்டுதுன்னு பிழையின் பெயரே சொல்லிடும்.

---

வரப்பு எழுதியது:

நான் கோடு எழுதுறவன் இல்ல, திருத்துறைப்பூண்டியில் மோட்டார் ரிப்பேர் கடை. மைனஸ் 127 பத்தி மட்டும் சொல்றேன்.

மழைநாளில் வந்துச்சுன்னா ஜாயின்ட்டைப் பாருங்க தம்பி. வயலில் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறது ஒரு பட்டத்துக்குக்கூடத் தாங்காது. டேப் பசை வெயிலில் உருகும், மழையில் தண்ணி உள்ளே போய் செம்பு பச்சை பிடிச்சுடும். சால்டர் வைச்சு, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. முடிஞ்சா ஜாயின்ட்டே வேணாம், முழு நீளத்துக்கு ஒரே கேபிள்.

இன்னொண்ணு எலி. வரப்பில் புதைச்ச கேபிளை எலி கடிக்காம விடாது, கிட்டி வைச்சாலும் மிச்சம் இருக்கும். கடிச்சு முழுசா அறுத்துட்டா நல்லது, உடனே தெரிஞ்சிடும். தோலை மட்டும் கடிச்சுட்டுப் போயிருந்தா, காய்ஞ்சிருக்கும்போது வேலை செய்யும், ஈரமானா நின்னுடும். கேபிளை முக்கால் இஞ்ச் பிவிசி குழாய்க்குள் விட்டு, இரண்டு வாயையும் அடைச்சிடுங்க.

கடைசியா ஒரு வார்த்தை. கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம்ங்கிற எண்ணுக்காக ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறவங்க நாங்க. கருவி காட்டுற எண்ணுக்கு எங்க வாழ்க்கையில் அவ்வளவு அதிகாரம் இருக்கு. அதனால எண் போடுறவங்க கவனமாப் போடுங்க.

---

பாமணியாறு எழுதியது:

வரப்பு அண்ணே, உங்க வாயில் சர்க்கரை போடணும். வரப்பு ஓரமா கேபிளைத் தோண்டி எடுத்தா நடுவில் ஓரிடத்தில் தோல் உரிஞ்சு மூணு வயரும் பல்லைக் காட்டுது.

குடமுருட்டி அண்ணே, பவர் பேங்கில் 85 ரொம்பக் குறைஞ்சது, ஆனா முழுசா நிக்கலை. ஒரு சாண் வயரில் மாட்டின சென்சார் ஒரு தடவைகூட 85 சொல்லலை. தூரத்துச் சென்சார்தான் சொல்லுது. கேபிளைப் பின்தொடர்ந்து போனா, கொட்டகையிலிருந்து வெளியே போற வரைக்கும் மோட்டார் கேபிளோட சேர்த்து ஒரே கட்டாக் கட்டியிருக்கு.

இப்ப மட்டமும் ஈரமும். வயலில் தண்ணி நிறைய இருக்கும்போது அல்ட்ராசோனிக் 23, 24 செ.மீ.யிலேயே நிக்குது, தண்ணி ஏறினாலும் மாறாது. மண் ஈர சென்சார் மேசையில் நல்லா இருந்தது, வைஃபை இணைஞ்சதும் ரீடிங்கே வரமாட்டேங்குது. 25ஆம் பின்னில் மாட்டியிருக்கேன்.

---

குடமுருட்டி எழுதியது:

ஈரத்தை முதலில் முடித்துவிடுவோம். 25ஆம் பின், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசிகளில் இரண்டாவதைச் சேர்ந்தது. ஈஎஸ்பி32இல் வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை வைஃபையே எடுத்துக்கொள்ளும். ரீடிங் கேட்கும் கட்டளை பிழை திருப்பியிருக்கும், உங்கள் டிரைவர் அந்தப் பிழையைப் பார்க்காமல் விட்டிருக்கும். 32 முதல் 39 வரையிலான பின்களில் ஒன்றுக்கு மாற்றி, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். ஆனால் உழுது சேறாக்கிய வயலில் மண் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். உங்கள் முடிவுக்கு அந்த எண் அதிகம் உதவாது, என்னைக் கேட்டால் கழற்றியே விடலாம்.

இப்போது மட்டம். அந்த அல்ட்ராசோனிக்குக் கிட்டத்தில் ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. வரை குருட்டுப் பகுதி. அனுப்பிய ஒலியின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி திரும்பிவிடுகிறது. வயல் குழாயின் மொத்த நீளமே 30 செ.மீ. தான், அதில் சுமார் 10 மண்ணுக்கு மேலே. அதன் வாயிலேயே சென்சாரை வைத்தால், தண்ணி மண் மட்டத்தில் இருக்கும்போது 10 செ.மீ. தூரம். முழுக்க முழுக்கக் குருட்டுப் பகுதி. குழாயின் மேல் இன்னொரு துண்டைப் பொருத்தி சென்சாரை உயர்த்துங்கள். டிரைவரில் 25க்குக் கீழே எது வந்தாலும் 'அளவெல்லைக்கு வெளியே' என்று திருப்புங்கள்.

ஒலியின் வேகத்தையும் பாருங்கள். செகண்டுக்கு 331.3 மீட்டரோடு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.606 கூட்ட வேண்டும். 25 டிகிரியில் 346 சொச்சம், 40இல் 355 சொச்சம். அரை மீட்டரில் வித்தியாசம் 1.3 செ.மீ. அதனால் வெப்பத் திருத்தம் தேவை, ஆனால் அது குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பமாக இருக்க வேண்டும், தண்ணியின் வெப்பம் அல்ல. உங்கள் கோடு டிஎஸ்18பி20 எண்ணை இங்கே பயன்படுத்துகிறதா என்று தேடுங்கள். பயன்படுத்தினால், ஒரு 85 உள்ளே போன கணத்தில் 50 செ.மீ. தூரம் 55 ஆகிவிடும். 15 செ.மீ.யில் முடிவெடுக்கும் முறையில் 5 செ.மீ. பிசகு என்றால் தண்ணி இருக்கும்போதே மோட்டார் ஓடும். ஒரு டிரைவர் விட்ட பொய் எண் அடுத்த டிரைவரையும் கெடுப்பது இப்படித்தான்.

கேபிளுக்கு: மோட்டார் கேபிளிலிருந்து பிரித்து வேறு வழியில் கொண்டுபோங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். நெட்வொர்க் கேபிளில் ஒரு முறுக்கு ஜோடியை டேட்டாவுக்கும் கிரவுண்டுக்கும் வையுங்கள். சென்சார் முனையிலேயே மின்சார வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1, 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இரண்டும் இணையாக. டேட்டா வயரை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரை 2.2 ஆக்குங்கள். சார்ஜரை விட்டுவிட்டு சின்ன சோலார் தகடும் பேட்டரியும் போடுவது நல்லது. கான்டாக்டர் காயிலில் எழும் மின் துடிப்பை அடக்க, அதற்கேற்ற ஆர்சி ஸ்னப்பரை வரப்பு அண்ணன் மாதிரி தெரிந்தவர் கையால் போடச் சொல்லுங்கள், அது உயர் வோல்டேஜ்.

---

அரசலாறு எழுதியது:

சார், எல்லாம் ஏத்துக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. டிரைவர் இப்படிப் பிழை பிழைன்னு திருப்பினா ஆப்பில் எண்ணுக்குப் பதில் கோடு கோடா வரும். வீட்டில் பெரியவங்க பார்த்தா 'மெஷின் கெட்டுப்போச்சு'ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்குச் சராசரியே பரவாயில்லைன்னு தோணுது. அப்புறம் ஃபில்டருக்கு வேலையே இல்லையா?

---

குடமுருட்டி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஃபில்டருக்கு வேலை உண்டு. காற்றில் தண்ணி அலையும், தவளை குதிக்கும், ஏடிசியில் கடைசி சில பிட் ஆடும். அதெல்லாம் உண்மையான அளவில் வரும் ஆட்டம். செல்லாத ரீடிங்கை எல்லாம் பிழைக் குறியோடு தள்ளிவிட்டு, மிச்சத்தில் நடு எண்ணை எடுங்கள். பத்தில் ஆறுகூடத் தேறவில்லை என்றால் அந்தச் சுற்றே செல்லாது. கால்மன் போடுவதானாலும் இதற்குப் பிறகுதான்.

திரையில் என்ன காட்டுவது என்பது ஆப்பின் பொறுப்பு. '29 டிகிரி, 20 நிமிடத்துக்கு முன் அளந்தது' என்று காட்டலாமே? பெரியவர்களுக்கு அது நன்றாகவே புரியும். மோட்டாரைத் தானாகப் போடுகிற பகுதிக்கு மட்டும் கறாராக ஒரு விதி: மட்டம் தெரியவில்லை என்றால் மோட்டாரைத் தொடாதே, போனுக்குச் செய்தி அனுப்பு. டிரைவர் பிழையை மறைத்துவிட்டால் ஆப் எழுதுகிறவருக்கு இந்த இரண்டில் எதையும் செய்ய வழியே கிடைக்காது.

பிழைகளை வகைவாரியாக எண்ணியும் வையுங்கள்: 85 எத்தனை, பதில் இல்லை எத்தனை, சிஆர்சி தப்பு எத்தனை. மழைக்குப் பிறகு 'பதில் இல்லை' ஏறினால் ஜாயின்ட். மும்முனை வரும் நேரத்தில் 85 ஏறினால் மின்சாரம். வைஃபை அனுப்பும்போது சிஆர்சி தப்பு ஏறினால், போர்டின் வேறு வேலை (இன்டரப்ட்) நடுவில் புகுந்து, டிஎஸ்18பி20 பேசும் ஒன்-வயர் முறையின் நேரக்கணக்கைக் கெடுக்கிறது என்று பொருள், அப்போது துடிப்பு நேரத்தை வன்பொருளே பார்த்துக்கொள்ளும் ஆர்எம்டி வழியாகப் படிக்கும் டிரைவருக்கு மாறலாம். வயலுக்குப் போகாமலே எதை எடுத்துக்கொண்டு போவது என்று தெரிந்துவிடும்.

---

பாமணியாறு எழுதியது:

கேபிள் மாத்தி, கெபாசிட்டர் போட்டு, சோலாருக்கு மாறியாச்சு. மும்முனை வந்து போற நேரமெல்லாம் கவனிச்சேன், 85 எண்ணிக்கை ஏறவே இல்ல. இருந்தும் அந்தச் சோதனை டிரைவரில் அப்படியே இருக்கு. நேத்து நல்ல மழை, 'பதில் இல்லை' எண்ணிக்கையும் அசையலை. அண்ணன் சொன்ன மாதிரியே மட்டம் கணக்கிடுற இடத்தில் தண்ணி வெப்பத்தைத்தான் எடுத்திருந்தாங்க. குழாய் உள்ளே மேல்பக்கம் இரண்டாவது டிஎஸ்18பி20 தொங்கவிட்டு அதை மாத்திட்டேன். ஈர சென்சாரைக் கழட்டியாச்சு.

ஒண்ணு மட்டும் கேட்கணும். குழாயை உயர்த்தின பிறகு நடுநடுவே தண்ணி மட்டம் திடீர்னு மண்ணுக்கு மேலே 8 செ.மீ.க்கு ஏறின மாதிரி வருது. எப்பவும் அதே 8. பிழை எதுவும் இல்ல, செல்லுபடியாகிற ரீடிங்தான்.

---

குடமுருட்டி எழுதியது:

எப்போதும் அதே அளவு என்றால் ஒலி நிலையான ஒன்றில் பட்டுத் திரும்புகிறது. அந்தச் சென்சாரின் ஒலி அகலமாக விரியும், குழாய்ச் சுவரில் எது துருத்தினாலும் அங்கிருந்து எதிரொலி வரும். இரண்டு துண்டு சேரும் கப்ளிங்கின் உள்விளிம்பா, புதிதாகத் தொங்கவிட்ட டிஎஸ்18பி20ஆ என்று பாருங்கள். கப்ளிங் என்றால் விளிம்பை அரம் வைத்துத் தேய்த்துச் சமமாக்குங்கள், அல்லது 15 செ.மீ. விட்டமுள்ள ஒரே முழுக்குழாயாக மாற்றுங்கள். சென்சார் என்றால் அதைச் சுவரோடு ஒட்டி மேலே ஏற்றுங்கள். எதுவென்று பார்த்து எழுதுங்கள்.

---

பாமணியாறு எழுதியது:

கப்ளிங்தான் அண்ணே. சாயங்காலம் ஆறு இஞ்ச் குழாய் வாங்க மன்னார்குடி போறேன்.